மனம் வரவில்லையா? வேகத்தைக் குறையுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஐம்பது தாண்டியவர்களின் உடற்பயிற்சி பற்றி மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் அனுப்பியவற்றில் எட்டுக் கேள்விகளை இங்கே எடுத்திருக்கிறோம். குளிசையை நிறுத்தலாமா, கூட்டலாமா என்று கேட்டவர்கள் தங்கள் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: படிப்பித்து ஓய்வு பெற்றவன், வயது 61. பிரஷரும் கொலஸ்ட்ரோலும் இருக்கிறது. ஒவ்வொரு கிளினிக்கிலும் நடக்கச் சொல்கிறார்கள். சப்பாத்து வாங்கி, விடிய எழும்பி, கடற்கரைக்கு வெளிக்கிட்டால் பத்து நாள் ஓடும். மறுகா ஒரு நாள் விடும், அதோட சரி. இப்படி எத்தனையோ தரம். எனக்கு மனவுறுதி போதாதா?
– கல்லடி வாசகர்

பதில்: மனவுறுதியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. இத்தனை தரம் தொடங்கியவருக்கு அது நிறையவே இருக்கிறது. பிழை பெரும்பாலும் வேகத்தில் இருக்கும். வருடக்கணக்காக நடக்காத உடம்பை முதல் நாளே 45 நிமிடம் மூச்சு வாங்க இழுத்துக்கொண்டு போனால், அடுத்த நாள் அலாரம் அடிக்கும்போது நேற்றுப் பட்ட பாடுதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். அதோடு ஒவ்வொரு விடியலும் சண்டை போட்டு எவரும் நெடுநாள் வெல்வதில்லை.

அளவு இதுதான்: நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே மிதமான வேகம். முதல் இரண்டு கிழமை அதற்கும் கீழே, பாட்டே பாடக்கூடிய வேகத்தில், 10 நிமிடம், கிழமைக்கு 5 நாள். இன்னும் நடக்கலாம் போலிருந்தாலும் திரும்பிவிடுங்கள். அந்த ஆசை அடுத்த நாளுக்கு வேண்டும். மூன்றாம், நான்காம் கிழமைகளில் 15 நிமிடம். பிறகு கிழமைக்கு 5 நிமிடம் கூட்டி 30க்கு வாருங்கள். ஐந்து நாளும் 30 என்றால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன 150 முதல் 300 நிமிடம் என்ற அளவின் வாசலுக்கு வந்துவிட்டீர்கள்.

நடையில் எரிச்சலான பகுதி முதல் பத்து நிமிடம். மூட்டுகள் இளகவும், தசைக்கு இரத்தம் போதிய அளவு போகவும் அவ்வளவு நேரம் எடுக்கும். கனடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னதும் இதையொட்டியதுதான்: தொடக்கத்து அலுப்பையே மனதில் வைத்துக் கணக்குப் போடுவதால், பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்பதை ஆட்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். ஆகவே 20 நிமிட நடைக்கு வந்த பிறகும், திரும்புவதா இல்லையா என்பதைப் பத்தாவது நிமிடத்துக்கு முன் முடிவு செய்ய வேண்டாம்.

முடிவும் முக்கியம். பாரத்தை முதலில் வைத்துப் போகப்போகக் குறைத்தவர்கள் அந்தப் பயிற்சியை நல்லதாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் ஊரில் இதை ஒழுங்கு செய்வது சுகம். ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு கடற்கரைப் பகுதி. கடைசி மூன்றில் ஒரு பங்கு, கல்லடிப் பழைய பாலத்தில் வாவிக் காற்று வாங்கியபடி ஆறுதல் நடை. மாறி நடந்து, களைத்த காலோடு மணலில் முடித்தால்தான் வெறுப்பு வரும். கால் புதையும் மணலில் நடக்க, கெட்டித் தரையில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். ஈரமணலில் நடப்பது நல்லது. கரை சரிவானது என்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியே அதேயளவு தூரம் திரும்பி வந்தால் இரண்டு இடுப்புக்கும் பாரம் சமமாகும்.

ஒரு நாள் விடுபட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. பழக்கம் பதியும் காலத்தை லண்டனில் அளந்து 2010இல் வெளியிட்டார்கள். சராசரி 66 நாள், ஆளுக்காள் 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் தவறியது கணக்கை மாற்றவில்லை. நீங்கள் பத்தாம் நாளில் கைவிட்டது, வேர் பிடிக்கும் முன் பயிரைப் பிடுங்கிப் பார்த்த கதை. ஒரு நாள் விடலாம், அடுத்தடுத்து இரண்டு நாள் விடாதீர்கள் என்பதே நாங்கள் சொல்லும் சட்டம்.

கூட்டாளி ஒருவர் படலையில் வந்து நின்றால் போகாமல் இருக்க முடியாது. ஆனால் உங்கள் வேகத்துக்காரராகப் பாருங்கள். வழியெல்லாம் அரசியல் கதைக்கிறவர் என்றால் இன்னும் நல்லது, மூச்சுப் பரிசோதனை தானாக நடக்கும். நடை முடிந்து தேத்தண்ணிக் கடைக்குப் போகும் வழக்கத்தையும் விட வேண்டாம், அந்தச் சந்திப்புக்காகவே பலர் எழும்புகிறார்கள். ரோல்சை மட்டும் விடுங்கள். அரை மணி நடையில் செலவாவது 120 கலோரி அளவில்தான், அதை ஒரு ரோல்ஸ் விழுங்கிவிடும்.

பிரஷர் 180/110க்கு மேல் நிற்கும் நாளில் பயிற்சி வேண்டாம், முதலில் வைத்தியரைப் பாருங்கள். நெஞ்சை அழுத்துவது, நோ தாடைக்கோ இடது கைக்கோ ஓடுவது, தலை சுற்றி விழப்பார்ப்பது – இவற்றில் எது வந்தாலும் இருந்த இடத்திலேயே நிறுத்தி 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.

கேள்வி: கட்டாரிலிருந்து மகன் கைக்கடிகாரம் ஒன்று அனுப்பியிருக்கிறான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டுமாம். நான் எவ்வளவு தெண்டித்தாலும் 3,200 தாண்டுவதில்லை. மணிக்கூட்டைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கிறது. வயது 67.
– கல்முனை வாசகி

பதில்: பத்தாயிரம் என்பது வைத்தியர்கள் அளந்து கண்ட எண் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்கள் 16,000க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அளவோடு அந்த இலாபம் மட்டமாகிவிட்டது.

ஆகவே கடிகாரத்தில் இலக்கை மாற்றுங்கள், மகனிடம் சொன்னால் போனிலேயே வழி சொல்வார். முதல் கிழமை எதையும் மாற்றாமல் சும்மா கட்டியிருந்து சராசரியைப் பாருங்கள். அது 3,200 என்றால் இலக்கு 3,700. இரண்டு கிழமைக்கு ஒருமுறை 500 கூட்டுங்கள். ஒவ்வொரு நாளும் தோற்கிற இலக்கை எவரும் விரும்பமாட்டார்கள்.

கடிகாரம் கை ஆடுவதைப் பார்த்து எண்ணுகிறது. குடை பிடித்தோ பை தூக்கியோ நடந்தால் குறைத்துக் காட்டும். தேங்காய் துருவும்போது சில நேரம் கூட்டியும் காட்டும். இதயத் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எடெனலோல், பிசோபுரோலோல் போன்ற குளிசை எடுப்பவர் என்றால் துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. அப்படிப்பட்டவர்களுக்கு உச்சத் துடிப்பைக் காண ‘220இல் வயதைக் கழி’ என்ற கணக்குப் பொருந்தாது. முதல் பதிலில் சொன்ன கதைத்துப் பார்க்கும் அளவே போதும்.

கேள்வி: எனக்கு 59 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்கிறார்கள். கதிரையில் இருந்துதான் தொழுகிறேன். நிலத்தில் தொழ வேண்டும் என்று மனம் கேட்கிறது, நெற்றியை நிலத்தில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்ப ஏலாது. வெளியில் நடந்து திரிய வசதியும் இல்லை. வீட்டுக்குள்ளேயே ஏதும் வழி உண்டா?
– ஏறாவூர் வாசகி

பதில்: கதிரையில் தொழுவது பற்றி நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை, அது மார்க்கம் அறிந்தவர்களின் விஷயம். ஆனால் ‘நிலத்திலிருந்து எழும்ப வேண்டும்’ என்ற உங்கள் ஆசை, ‘ஐந்து கிலோ குறைக்க வேண்டும்’ என்பதைவிட மிக நல்ல இலக்கு. ஒவ்வொரு நாளும் தேவைப்படுவது, முன்னேறியதும் அன்றே தெரிவது. வயது போகப்போக நடையைவிட முதலில் கைவிட்டுப் போவது தொடையின் பலம். அதற்குத்தான் பயிற்சி தேவை.

நல்ல பாரமான மரக்கதிரை ஒன்றைச் சுவரோடு முட்ட வையுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சீமெந்துத் தரையில் கால் விரிந்து வழுக்கும். சாதாரணக் கதிரை 17, 18 அங்குல உயரம். அதன்மேல் இறுக்கமான தலையணை வைத்து 21 அங்குலமாக்குங்கள். நுனிக்கு வந்து இருந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து எழும்புங்கள். இருக்கும்போது மனதில் நான்கு வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள். பலர் எழும்புவதில் கவனம் வைத்து, இறங்கும்போது ‘தொப்’ என்று விழுகிறார்கள். சுஜூதுக்குப் போகத் தேவையான பலம் அந்த மெதுவான இறக்கத்தில்தான் வளர்கிறது. மூச்சை அடக்கக்கூடாது, எழும்பும்போது வெளியே விடுங்கள்.

எத்தனை தரம்? ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் முன் 5 தரம். நாளுக்கு 25 ஆகிவிடும். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை, மறக்கவும் வழியில்லை. ஐந்தும் இலகுவாகிவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாமல் உயரத்தைக் குறையுங்கள். முதலில் தலையணையை எடுங்கள், பிறகு தாழ்ந்த முக்காலி, பிறகு நிலத்தில் அடுக்கிய மெத்தைகள். ஒவ்வொரு படிக்கும் மூன்று நான்கு கிழமை எடுக்கலாம். கூடவே குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்குவது 10 தரம், ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. சோறு வேகும் நேரத்தில் இரண்டும் முடியும்.

நிலத்தில் இறங்கத் தொடங்கும்போது முன்னால் கதிரையை வைத்துக்கொள்ளுங்கள். எழும்பும் ஒழுங்கு: இரண்டு முழங்காலிலும் நின்று, கைகளைக் கதிரையில் ஊன்றி, பலமான காலை முன்னே வைத்து, பாதம் முழுவதும் தரையில் பதிந்த பிறகு தள்ளி எழும்புதல். முழங்காலுக்குக் கீழே தடித்த விரிப்பு. முதல் சில தரம் மகளோ மருமகளோ பக்கத்தில் நிற்கட்டும்.

நோ வரும். பூச்சியத்திலிருந்து பத்துவரை மதிப்பிட்டால் ஐந்துக்குள் இருந்து, அடுத்த நாள் விடிய பழையபடி வந்துவிட்டால் தொடரலாம். விடிந்தும் கூடியிருந்தால் அல்லது முழங்கால் வீங்கினால், செய்தது கூடிவிட்டது. அடுத்த தரம் உயரத்தைக் கூட்டி எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். முழங்கால் திடீரென்று பூட்டிக்கொள்வது, சூடாகிச் சிவந்து வீங்குவது என்றால் வைத்தியரைக் காணுங்கள்.

கேள்வி: வயல்காரனுக்கு எதுக்கு எக்சசைஸ்? வயது 58.
– சம்மாந்துறை வாசகர்

பதில்: வயலில் மண்வெட்டி பிடிக்கும் நாட்களில் தேவையில்லை. ஆனால் இப்போது வெட்டுவதும் அடிப்பதும் மெசின், போவது மோட்டார் சைக்கிள். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் கிழமைக்கணக்கில் கை கால் சும்மா இருக்கும். பிறகு திடீரென்று ஒரு நாள் 50 கிலோ மூட்டை. நாரி பிடிப்பது அன்றுதான்.

வேலை தொடங்க மூன்று கிழமைக்கு முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள். ஒரு சாக்கில் 10 கிலோ நெல் போட்டு, முழங்காலை மடித்து, முதுகை நேராக வைத்து, சாக்கை உடம்போடு ஒட்டித் தூக்கி இறக்குங்கள். 8 தரம், ஆறி, மறுபடி 8 தரம், கிழமைக்கு மூன்று நாள். கிழமைக்கு 5 கிலோ கூட்டலாம். வயல் வேலை முழுவதும் குனிவு என்பதால், வேலை முடிந்து இடுப்பில் கை வைத்துப் பின்னால் வளைவது 10 தரம். இது பிடிக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. பாரத்தைக் கூட்டிக்கொண்டு போவது பொதுவாக ஆண்களுக்குப் பிடித்துவிடுகிறது, கூட்டுவதில் அவசரப்படாமல் இருந்தால் சரி.

கேள்வி: சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறேன். விடிய வெறுவயிற்றில் நடக்கலாமா? கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்துக்கு நல்லது என்கிறார்களே?
– திருக்கோவில் வாசகர், 64

பதில்: எந்தக் குளிசை என்பதைப் பொறுத்தது. மெட்போமின் மட்டும் என்றால் சீனி திடீரென்று விழுவது அரிது. கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்றவையோ இன்சுலினோ எடுப்பவர் வெறுவயிற்றில் நடப்பது ஆபத்து. நடக்க முன் அளந்து 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கற்றோ சாப்பிட்டுப் போங்கள். வியர்வை, நடுக்கம், கண் இருட்டுதல் வந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் இருந்து மறுபடி அளவுங்கள். சீனிப் பொட்டலம் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

விடிய எழும்புவதே உங்களுக்குப் பாரம் என்றால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடப்பது, ஒரே தடவையில் அரை மணி நடப்பதைவிடச் சாப்பாட்டுக்குப் பின்னான சீனியை நன்றாகக் குறைத்தது என்று நியூசிலாந்தில் 2016இல் காட்டினார்கள். இராச்சாப்பாட்டுக்குப் பிறகு அது கூடுதலாகத் தெரிந்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரவு நடை உடம்புக்கும் இதம். டோர்ச் கொண்டு போங்கள்.

வெறுங்கால் வேண்டாம். சீனி வருத்தத்தில் பாத உணர்வு மெல்லக் குறையும், முள்ளோ சிப்பியோ வெட்டியது தெரியாது. இரண்டு நாள் கழித்துச் சீழ் பிடித்த பிறகே காண்பீர்கள். குதிக்காலை இறுக்கிப் பிடிக்கும் சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போடுங்கள். போட முன் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரவில் ஒரு கண்ணாடியை நிலத்தில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள். புண் இருந்தால் அது ஆறும்வரை நடைக்குப் பதில் கதிரையில் இருந்து செய்யும் பயிற்சி.

கேள்வி: மாரி தொடங்கினால் எங்கள் பக்கம் றோட்டு முழுக்கத் தண்ணி. தை மாதம் வரை நடை இல்லை. அதற்குப் பிறகு தொடங்க மனம் வருவதில்லை.
– கொக்கட்டிச்சோலை வாசகி, 55

பதில்: இரண்டு மூன்று கிழமை நிறுத்தினாலே மூச்சுப் பலம் இறங்கத் தொடங்கும். தையில் வெளிக்கிட்டு ஐப்பசியில் நடந்த தூரத்தையே நடக்கப் பார்த்தால் களைத்து வெறுத்துப்போவீர்கள். பாதித் தூரத்தில் தொடங்குங்கள், சில கிழமையில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம்.

மாரியில் வீட்டுக்குள் நடக்கலாம்தான். விறாந்தை 10 மீற்றர் என்றால் 50 தரம் போய்வந்தால் ஒரு கிலோமீற்றர். ஆனால் உண்மையில் அது அலுப்பு. அதைவிட ஆட்டம் நல்லது. உங்கள் ஊர்ப் பக்கம் கூத்தும் வசந்தனும் கும்மியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நாங்கள் அடி சொல்லித்தரத் தேவையில்லை. வடமோடி ஆட்டத்தின் சுழற்சியும் துள்ளலும் இந்த வயதில் முழங்காலுக்கு அதிகம். கும்மி, கோலாட்ட அடிகள் அளவானவை. பக்கவாட்டில் வைப்பதும், திரும்புவதும், ஒரு காலில் பாரத்தை மாற்றுவதும் நேராக நடக்கும் நடையில் கிடைக்காதவை. விழாமல் இருக்க உதவுவது இதுதான். மெதுவான பாட்டு ஒன்று, விரைவானது இரண்டு, கடைசியில் மெதுவானது ஒன்று. 15 நிமிடம் போனது தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். பேரப்பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள், பண்ணட்டும்.

தரை ஈரமாக இருந்தால் ஆட வேண்டாம். வெள்ளத் தண்ணியில் நடப்பதும் வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

கேள்வி: கதிர்காமத்துக்கு ஒரு தரமாவது பாதயாத்திரை போக ஆசை. வயது 66, வருத்தம் ஒன்றும் இல்லை, நாளுக்கு அரை மணி நடப்பேன். ஏலுமா?
– களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: பன்னிரண்டு கிழமை கையில் இருந்தால் தயாராகலாம். முதலில் ஒரு முழுப் பரிசோதனை: பிரஷர், சீனி, ஈசிஜி.

முதல் நான்கு கிழமை, வழமையான நடை நான்கு நாள், அதோடு கிழமைக்கு ஒரு நீண்ட நடை – 5 கிலோமீற்றரில் தொடங்கி 8க்கு. ஐந்து முதல் எட்டாம் கிழமை வரை அந்த நீண்ட நடை 10இலிருந்து 14க்கு. ஆறாம் கிழமையிலிருந்து அடுத்தடுத்த இரண்டு நாள் நடந்து பழகுங்கள். ஒரு நாள் 14 நடப்பவர் பலர், அடுத்த நாள் விடிய அதே காலோடு எழும்பி நடப்பதில்தான் யாத்திரையின் சோதனை. ஒவ்வொரு நான்காம் கிழமையும் தூரத்தில் மூன்றில் ஒன்றைக் குறைத்து உடம்பை ஆறவிடுங்கள். ஒன்பது முதல் பதினொன்று வரை, 4 கிலோ பையோடு இரண்டு நாள் தொடர் நடை. கடைசிக் கிழமை அரை மணி நடை மட்டும்.

பழகும் செருப்போடுதான் யாத்திரையும் போக வேண்டும். புதிது வாங்கிப் போட்டுப்போனவர்கள் கொப்புளம் போட்டுத் திரும்புகிறார்கள். வெறுங்காலில் போவதாக நேர்த்தி இருந்தால், முதல் கிழமையிலிருந்தே மண் பாதையில் நாளுக்கு பத்து நிமிடம் வெறுங்காலோடு நடந்து தோலைப் பழக்குங்கள். நண்பகல் தார் றோட்டில் நடக்கக்கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தத் துணியால் மூடுங்கள். உகந்தைக்குப் பிறகு காட்டுப் பாதையில் வசதிகள் குறைவு. உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற்றுகள் வைத்திருங்கள், ஒன்றை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும், தண்ணீரைக் குறைத்துக் கரைக்கக்கூடாது.

யாத்திரை முடிந்து வந்ததும் பலர் நடையையே விட்டுவிடுகிறார்கள், போக வேண்டிய இடம் தீர்ந்துவிடுகிறது. வெளிக்கிட முன்பே அடுத்ததையும் நேர்ந்து வையுங்கள். ஆவணியில் மண்டூர்த் திருவிழாவுக்கு, குருமண்வெளித் துறை வரை நடந்து படகேறிப் போகலாமே.

கேள்வி: விடிய நடக்கப் போனால் நாய் துரத்துகிறது. இதற்கு என்ன மருந்து?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: ஓடாதீர்கள், ஓடினால் அது இன்னும் உற்சாகமாகத் துரத்தும். நின்று, கண்ணை உற்றுப் பார்க்காமல், முகத்தை நாயின் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். கையில் குடையோ பிரம்போ இருக்கட்டும். அடிக்கத் தேவையில்லை, உங்களுக்கும் நாய்க்கும் இடையில் பிடித்தால் போதும். ஒரே நேரத்தில் ஒரே பாதையால் போனால் பெரும்பாலான நாய்கள் சில நாளில் பழகிவிடும். பழகாத நாய்க்குப் பாதையை மாற்றுவதுதான் வழி. கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். சின்னக் கீறல்தானே என்று விட வேண்டாம்.